வகையா, குறிச்சொல்லா, சுட்டியா? ஊர்ச் சேகரிப்பை அடுக்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஊர்ப் படிப்பகம் என்றால் புத்தகங்கள் மட்டும் இருக்காது. திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய ஆல்பம், மன்றத்தின் மினிட் புத்தகம், ஆண்டு மலர் என்று பீரோ நிறையக் கிடக்கும். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்" என்று நாலு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஃபோல்டர் திறப்பார். இன்னொருவர் எக்செல் திறப்பார். மூன்றாமவர் டேக், அதாவது குறிச்சொல், போட ஆரம்பிப்பார். எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள்.

பட்டியல், அட்டவணை, புலம், வகை, குறிச்சொல், படிநிலை, வரிசை, சுட்டி (இண்டெக்ஸ்). பொதுப் பேச்சில் இவை எல்லாமே "அடுக்கி வைப்பது"தான். வேலையில் இறங்கினால் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எந்தக் கேள்விக்கு எது என்று தெரிந்துவிட்டால் எந்த மென்பொருளிலும் சமாளித்துவிடலாம். கடலூர் முதுநகர்ப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றின் சேகரிப்பை மனதில் வைத்து, செய்ய வேண்டிய அதே வரிசையில் எழுதுகிறேன். அந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆறாம் படியில் வருகிற தலைவலிகளில் பாதி, இரண்டாம் படியைத் தாண்டிக் குதித்ததால் வருபவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில், துண்டுச் சீட்டுகள், எக்செல் அல்லது லிப்ரே ஆஃபிஸ். இப்போதைக்கு இவை போதும். கோஹா போன்ற நூலக மென்பொருளை இப்போதே நிறுவாதீர்கள். மென்பொருள் நல்லதுதான். ஆனால் அது முதல் நாளே நிரப்பச் சொல்லும் கட்டங்களுக்கு உங்களிடம் இன்னும் பதில் இருக்காது. பதில் இல்லாமல் நிரப்பியதைப் பின்னால் திருத்துவது, புதிதாக எழுதுவதைவிடக் கஷ்டம்.

மாதிரிக்கு ஒரு 40 உருப்படிகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். பார்த்துப் பார்த்து நல்லதாக எடுக்க வேண்டாம். அட்டை கிழிந்த புத்தகம், தேதி இல்லாத நோட்டீஸ், பின்னால் எதுவும் எழுதாத போட்டோ எல்லாம் கட்டாயம் கலந்திருக்கட்டும். ஒழுங்கான புத்தகங்களை மட்டும் வைத்து வகுத்த முறை, முதல் கிழிந்த நோட்டீஸ் வந்ததும் நின்றுவிடும்.

இந்த வேலையில் கலந்துகொள்ளாத ஒரு வாசகரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அவர் கடைசிப் படியில்தான் வர வேண்டும். அதுவரை எதையும் அவருக்குக் காட்டாதீர்கள்.

2. பெயர் வைக்கும் முன் கேள்விகளை எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது தலைப்புகளை எழுதுவது: "வரலாறு", "ஆன்மிகம்", "புகைப்படம்", "இதர". இது தலைகீழ். வாசகர்கள் என்ன கேட்டு வருகிறார்கள் என்பதை, அவர்கள் கேட்கும் பேச்சிலேயே எழுதுங்கள்.

"தானே புயலுக்கு முன்னாடி தேவனாம்பட்டினம் எப்படி இருந்துச்சு, போட்டோ இருக்கா?"

"எங்க தாத்தா மன்றத்துல செயலாளரா இருந்தாராம். அவர் பேரு எங்கயாச்சும் வருதா?"

"மீன்பிடி வலையப் பத்தி புத்தகம் எல்லாம் எந்த அலமாரி?"

"மாசி மகம் நோட்டீஸ் வருஷவாரியா வேணும்."

இந்த நாலையும் கூர்ந்து பாருங்கள். முதல் கேள்வியில் இடம், காலம், உருப்படியின் வடிவம் என்று மூன்று இருக்கின்றன. இவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் வைத்திருந்தால்தான் சேர்த்துத் தேட முடியும். கட்டம் என்பது புலம். இரண்டாவது கேள்விக்கு உருப்படியை அடுக்கி வைத்தால் போதாது. உள்ளே எந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் வருகிறது என்று சொல்ல வேண்டும். அது சுட்டியின் வேலை. மூன்றாவது, ஒரு பொருள் அலமாரியில் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும் என்பதிலிருந்து பிறக்கும் கேள்வி. அங்கே வகைப்பாடு வேண்டும். நான்காவதில் நோட்டீஸ் என்ற வகை, மாசி மகம் என்ற குறிச்சொல், ஆண்டு என்ற வரிசை மூன்றும் சேர்கின்றன.

கேள்விகள் தீரும்வரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எதைக் கேட்கிறது என்று குறியுங்கள்: எங்கே இருக்கிறது, என்ன வடிவம், எதைப் பற்றியது, யார், எப்போது, எந்தப் பக்கம். யாருமே கேட்காத ஒன்றுக்குக் கட்டம் போடாதீர்கள். புத்தகத்தின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் "இதை யாரும்மா கேப்பாங்க?" என்றேன். "பெரிய லைப்ரரியில எழுதறாங்களே சார்" என்றார். பெரிய நூலகத்தில் அதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரே ஒரு பீரோ.

3. ஓர் உருப்படி என்பது எது?

ஆல்பம் ஓர் உருப்படியா, அதிலுள்ள ஒவ்வொரு போட்டோவுமா? 12 மாத இதழ்களைத் தைத்துக் கட்டிய தொகுதி ஒன்றா, பன்னிரண்டா? இதை முடிவு செய்யாமல் எண் போடத் தொடங்கினால் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுவார்கள்.

எளிய விதி: வாசகர் தனியாகக் கேட்பது எதுவோ, அதுதான் உருப்படி. கல்யாண ஆல்பத்தை யாரும் ஒரு படமாகக் கேட்பதில்லை, முழு ஆல்பமாகவே கேட்பார்கள். புயலுக்குப் பிந்தைய படங்களை ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஆகவே முதலாவது ஒன்று, இரண்டாவது ஒவ்வொன்றும். ஒரே சேகரிப்பில் இரண்டு விதமும் இருக்கலாம். எதற்கு எது என்று நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

4. இடம் வேறு, வகை வேறு

ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு சேர்க்கை எண். 0001இல் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும். இந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது.

இங்கேதான் புத்திசாலிகள் மாட்டிக்கொள்கிறார்கள். "கட-போட்-1975-012" என்று எண்ணுக்குள்ளேயே ஊர், வடிவம், ஆண்டு மூன்றையும் திணித்துவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் பெரியவர் ஒருவர் வந்து, "இது 75 இல்ல தம்பி, இந்தப் பாலம் அப்ப கட்டவே இல்லை" என்பார். ஆண்டை மாற்றினால் எண் மாறும். எண் மாறினால் படத்தின் பின்னால் எழுதியது, எக்செலில் இருப்பது, ஃபைல் பெயர் எல்லாமே மாற வேண்டும். மாறக்கூடிய எதையும் எண்ணுக்குள் வைக்காதீர்கள்.

பீரோ, தட்டு, பெட்டி என்ற இருப்பிடத்துக்குத் தனிக் கட்டம் ஒன்று போடுங்கள். பெட்டி இடம் மாறும்போது அந்த ஒரு கட்டத்தைத் திருத்தினால் வேலை முடிந்தது.

5. பட்டியலா, அட்டவணையா, விவரப் பட்டியலா?

ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியது பட்டியல். குறுக்கும் நெடுக்கும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நெடுங்கட்டத்துக்கும் ஒரு தலைப்புக் கொடுத்தால் அட்டவணை. அந்த அட்டவணை ஒவ்வோர் உருப்படியையும் விவரித்து, அது எங்கே இருக்கிறது என்றும் சொன்னால் அது நூலகத்தார் சொல்லும் கேட்லாக், அதாவது விவரப் பட்டியல்.

அட்டவணை என்ற சொல்லைப் புத்தகச் சுட்டிக்கும் சிலர் பயன்படுத்துகிறார்கள். உங்கள் குழுவுக்குள் அது வேண்டாம். "அட்டவணைல போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால் எதில் போட்டார் என்று கேட்க வேண்டியிருக்கும். எக்செலுக்கு மட்டும் அட்டவணை, பக்கம் காட்டுவதற்குச் சுட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு புலத்தில் ஒரே ஒரு விஷயம் இருக்க வேண்டும். "தேதியும் இடமும்" என்று ஒரு கட்டம் போட்டால் தேதியை வைத்து வரிசைப்படுத்தவும் முடியாது, இடத்தை வைத்து வடிகட்டவும் முடியாது.

தேதிக்கு மட்டும் இரண்டு புலங்கள் வேண்டும். ஒன்று "அச்சில் உள்ளபடி", இன்னொன்று "கணித்தது". திருவந்திபுரம் மலையில் நடந்த கல்யாணம் ஒன்றின் பத்திரிகை கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் "குரோதி வருஷம் ஆவணி மாதம்" என்று மட்டும் இருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். குரோதி என்றால் 1964-65ஆக இருக்கலாம், 2024-25ஆகவும் இருக்கலாம், 1904-05ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்சையும் பார்த்தால் புதியதும் இல்லை, நூறாண்டுப் பழையதும் இல்லை என்று தெரியும். முகவரிகளில் 607 என்று தொடங்கும் பின்கோடு இல்லை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். எனவே 1964 என்று கணிப்பது நியாயம்.

ஆனால் அச்சில் உள்ளதை அழித்துவிட்டு 1964 என்று போடக் கூடாது. முதல் புலத்தில் "குரோதி, ஆவணி", இரண்டாவதில் "1964", குறிப்பில் "பின்கோடு இல்லை, தாள் பழையது" என்று காரணம். நாளைக்கு வேறொருவர் வந்து மறுத்தால், எதை வைத்து முடிவு செய்தோம் என்று காட்ட முடியும்.

ஆள் பெயருக்கும் இதே விதி. ஒரே ஆள் ஒரு நோட்டீஸில் "மு." என்றும் இன்னொன்றில் "எம்." என்றும் முன்னெழுத்து போட்டிருப்பார். அச்சில் உள்ளபடி ஒரு புலம், நீங்கள் முடிவு செய்த ஒரே வடிவத்துக்கு ஒரு புலம். இரண்டாவதில் பெயரை முன்னால் எழுதி முன்னெழுத்தைப் பின்னால் தள்ளுங்கள். இல்லாவிட்டால் பெயர்ப் பட்டியல் முன்னெழுத்தின் வரிசையில் நிற்கும், தாத்தாவின் பெயரைத் தேடி வருபவருக்கு அது உதவாது.

6. வகையா, குறிச்சொல்லா, புலமா?

அதிகமாகக் குழம்புவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதல் சோதனை: ஓர் உருப்படி இவற்றில் இரண்டில் ஒரே நேரத்தில் இருக்கலாமா? இருக்கவே முடியாது என்றால் அது வகை. இருக்கலாம் என்றால் குறிச்சொல். ஒரு காகிதம் போட்டோவாகவும் நோட்டீஸாகவும் ஒரே நேரத்தில் இருக்காது. ஆகவே "போட்டோ", "நோட்டீஸ்" வகைகள். ஒரே போட்டோ மாசி மகத்தைப் பற்றியும் இருக்கலாம், படகுகளைப் பற்றியும் இருக்கலாம். ஆகவே "மாசி மகம்", "படகு" குறிச்சொற்கள்.

இரண்டாவது சோதனை: இந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்விச் சொல்லை வைக்க முடிகிறதா? "தேவனாம்பட்டினம்" எங்கே என்பதற்குப் பதில். "1964" எப்போது என்பதற்குப் பதில். இப்படிக் கேள்விச் சொல் ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் புலம். அதைக் குறிச்சொல் கூட்டத்துக்குள் போட்டுவிடாதீர்கள். புதியவர்கள் டேக் என்று எழுதுகிறவற்றில் பெரும்பகுதி உண்மையில் புலத்துக்குப் போக வேண்டியது. கடலூர் குறிச்சொல்லாக இருந்தால், "கடலூரில் எடுத்த படம்", "கடலூரைப் பற்றிய புத்தகம்", "கடலூரில் அச்சானது" மூன்றும் ஒரே குவியலில் வந்து விழும். எடுத்த இடம், பேசும் இடம், அச்சான இடம் என்று புலங்கள் தனித்தனியாக இருந்தால் விழாது.

வகைப் பட்டியலில் அடிக்கடி வரும் கோளாறு, ஒரே தட்டில் பல அளவுகோல்களைக் கலப்பது. "போட்டோ, கல்யாணம், முதுநகர், பழையது" என்று நாலு வகை வைத்திருந்தார்கள் ஒரு குழுவில். முதலாவது வடிவம், இரண்டாவது நிகழ்ச்சி, மூன்றாவது இடம், நான்காவது காலம். முதுநகரில் எடுத்த பழைய கல்யாண போட்டோ வந்ததும், "இதை எதுல போடறது அண்ணே?" என்று கேள்வி வந்தது. நாலிலும் போடலாம். நாலிலும் போடலாம் என்றால் அவை வகைகளே இல்லை.

சேகரிப்பு முழுவதையும் ஒரே அளவுகோலால் பிரியுங்கள். இந்த மாதிரி இடத்துக்கு வடிவம்தான் நல்ல அளவுகோல்: புத்தகம், இதழ், மலர், நோட்டீஸ், அழைப்புப் பத்திரிகை, போட்டோ, கையெழுத்து ஆவணம். ஏனென்றால் வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள். எதைப் பற்றியது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள்.

"இதர" என்ற வகையை முற்றிலும் தடை செய்ய முடியாது. ஆனால் அதைக் கண்காணியுங்கள். மற்ற எந்த வகையையும்விட இதர பெரிதாகிவிட்டால் வகைகள் தப்பு என்று அர்த்தம், உருப்படிகள்மீது குற்றம் இல்லை.

ஃபோல்டர் என்பதும் வகை மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒரு ஃபைல் ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும். இரண்டு ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்று பிரதி எடுத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது அப்படியே நிற்கும். ஸ்கேன் செய்த படங்களைச் சேர்க்கை எண்ணின்படி ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு, தேடுவதை எல்லாம் அட்டவணையில் செய்வது நிம்மதி.

7. குறிச்சொல்லுக்குக் கடிவாளம்

ஆளாளுக்கு டேக் போட விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களே போதும். புதுச்சேரி, பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை. கடலூர் முதுநகர், ஓ.டி., ஓல்டு டவுன். திருப்பாதிரிப்புலியூர், திருப்பாப்புலியூர். ஸ்ரீமுஷ்ணம், திருமுட்டம். ஒரே இடம்தான். ஆனால் "புதுவை" என்று தேடுபவருக்கு "பாண்டிச்சேரி" என்று எழுதியது வராது.

ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவத்தைத் தேர்ந்து, மற்றவற்றின் பக்கத்தில் "காண்க" போட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: "பாண்டி, காண்க: புதுச்சேரி". "ஓ.டி., காண்க: கடலூர் முதுநகர்". இதைத்தான் நூலகத்தார் கட்டுப்பாட்டுச் சொற்பட்டியல் என்பார்கள். எது சரியான பெயர் என்ற சண்டையில் இறங்க வேண்டாம். எல்லோரும் ஒன்றையே எழுதினால் போதும்.

பெயர் மட்டும் மாறினால் "காண்க" போதும். எல்லையே மாறியிருந்தால் போதாது. 1970களின் நோட்டீஸில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். அந்த மாவட்டம் 1993இல் பிரிந்தது. தென்னாற்காடு என்றால் இன்றைய கடலூர் மாவட்டம் என்று மாற்றி எழுதினால், அன்று அதே மாவட்டத்தில் இருந்த விழுப்புரத்து நோட்டீஸும் கடலூர் ஆகிவிடும். தென்னாற்காட்டைத் தனிச் சொல்லாகவே வையுங்கள். பக்கத்தில் "மேலும் காண்க: கடலூர் மாவட்டம், விழுப்புரம் மாவட்டம்" என்று போடுங்கள். "காண்க" என்றால் இதை எழுதாதே, அதை எழுது. "மேலும் காண்க" என்றால் இரண்டும் இருக்கும், அதையும் பார்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. ஒருவர் தட்டச்சு செய்த "ஸ்ரீ" இன்னொருவருடைய "ஸ்ரீ"யாக இல்லாமல் போகலாம். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் முறையான யுனிகோடில் அதை இரண்டு விதமான எழுத்துச் சேர்க்கையால் எழுத முடியும், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். "கொ" போன்ற எழுத்துகளின் துணைக்குறியும் ஒரே துண்டாகவும் இருக்கலாம், இரண்டு துண்டாகவும் இருக்கலாம். தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. அதனால்தான் குறிச்சொற்களைக் கையால் அடிக்காமல், எக்செலில் கீழிறங்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைக்கச் சொல்கிறேன். எழுத்துப் பிழையும் அதோடு போய்விடும்.

8. படிநிலை வேண்டுமா?

வகைக்குள் வகை, அதற்குள் இன்னொன்று என்று கிளைவிட்டால் அது படிநிலை. பல பேர் இதைத்தான் முதலில் கட்ட ஆசைப்படுகிறார்கள். சின்னச் சேகரிப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டும்போது ஒரே ஓர் உறவை மட்டும் பின்பற்ற வேண்டும். "பழம், பலா, சுளை" என்று ஒருவர் மூன்று படி போட்டார். பலா ஒரு வகைப் பழம். சுளையோ பலாவின் ஒரு பகுதி, ஒரு வகைப் பலா அல்ல. பண்ருட்டிக்காரர் யாரும் இதில் ஏமாற மாட்டார்கள், ஆனால் ஊர்களை அடுக்கும்போது இதே தப்பு எளிதாக நடக்கிறது.

புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகப்படி அதன் கீழ் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நாலு பகுதிகள். நிலத்தைப் பார்த்தால் காரைக்காலுக்குப் போக நாம் சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்ட வேண்டும். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். மறுபக்கம், புதுச்சேரி நகரத்தை ஒட்டியே இருக்கும் கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் வருகிறது. "புதுச்சேரிப் பக்கம்" என்று ஒரு தலைப்பு வைத்தால் கோட்டக்குப்பம் உள்ளேயா வெளியேயா? நிர்வாகமா, அண்மையா என்று ஒன்றை முடிவு செய்து தாளில் எழுதுங்கள். எங்கள் பக்கத்துக்கு நிர்வாகமே நல்லது. அரசு ஆவணங்கள் அப்படித்தான் வருகின்றன.

புத்தகங்களுக்கு மட்டும் சொந்தமாகப் படிநிலை கண்டுபிடிக்காதீர்கள். நூலகங்கள் பயன்படுத்தும் டூயி தசம வகைப்பாடு 10 முதன்மை வகுப்புகள், 100 பிரிவுகள், 1000 உட்பிரிவுகள் என்று ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 954.82, தொழில்முறை மீன்பிடிப்புக்கு 639.2. கடலூர் மீனவர்களின் வரலாற்றைச் சொல்லும் புத்தகத்தை 639.2இல் வைப்பதா, 954.82இல் வைப்பதா என்று தயங்கினால், வாசகர் எந்த அலமாரிக்கு முதலில் போவார் என்று பார்த்து ஓரிடத்தில் வையுங்கள். இன்னொரு பக்கத்தைக் குறிச்சொல் பார்த்துக்கொள்ளும்.

ஒரே மரத்தில் எல்லாவற்றையும் தொங்கவிட வேண்டியதில்லை என்பதைச் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தன் கோலன் வகைப்பாட்டில், 1933இலேயே, செய்து காட்டினார். புத்தகம் பேசும் விஷயத்தை மையக் கூறு, மூலப்பொருள், செயல், இடம், காலம் என்று தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, பிறகு கோப்பது அவர் முறை. நீங்கள் ஐந்தாம் படியில் இடத்தையும் காலத்தையும் தனிப் புலங்களாகப் பிரித்தது கிட்டத்தட்ட அதுதான்.

9. வரிசைப்படுத்து, குழுவாக்கு, வடிகட்டு

மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பட்டன்கள். வரிசைப்படுத்தினால் எல்லா உருப்படிகளும் இருக்கும், முன்பின் மட்டும் மாறும். குழுவாக்கினாலும் எல்லாமே இருக்கும், ஒத்தவை ஒன்றாகச் சேரும். வடிகட்டினால் வேண்டாதவை மறையும். வடிகட்டிய நிலையில் சேமித்துவிட்டு எழுந்து போனால், அடுத்து வருபவர் பாதிச் சேகரிப்பைக் காணவில்லை என்று பதறுவார். எழும் முன் வடிகட்டியை எடுத்துவிடுங்கள்.

வரிசைப்படுத்தும்போது ஒரு நெடுங்கட்டத்தை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால் மற்ற கட்டங்கள் அப்படியே நிற்க, பெயர்கள் மட்டும் இடம் மாறும். இதைவிடப் பெரிய சேதம் எக்செலில் கிடையாது. முழு அட்டவணையையும் தேர்ந்துகொண்டு செய்யுங்கள், அதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

தமிழ் அகரவரிசையை எந்த மென்பொருளிலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். நம் வரிசையில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வரும். யுனிகோடு எண்வரிசையிலோ ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ழ-வுக்கு முன்னால் ள. புள்ளிக்கும் அங்கே கடைசி இடம். சோதிக்க ஆறு சொற்கள் போதும்: அப்பம், அன்னம், பழம், பள்ளம், கல், கலை. அகராதிப்படி அப்பம் முதலில், அன்னம் பிறகு. கல் முதலில், கலை பிறகு. பழம் முதலில், பள்ளம் பிறகு. மூன்று ஜோடியும் தலைகீழாக வந்தால், அந்த மென்பொருள் வெறும் எண்வரிசையில் அடுக்குகிறது என்று பொருள். மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், அச்சடிக்கும் பட்டியலைக் கையால் சரிசெய்ய நேரம் ஒதுக்குங்கள்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். ஸ்கேன் ஃபைலுக்குக் கூட "0412" என்று பூஜ்யத்தோடு எண் கொடுங்கள். 2, 10, 1 என்று எழுதினால் பல இடங்களில் 1, 10, 2 என்று நிற்கும். தானே கரையைக் கடந்த நாள் 2011-12-30. இப்படி எழுதியிருந்தால் முந்தைய நாள் படங்களும் பிந்தைய நாள் படங்களும் தானாகப் பிரிந்து நிற்கும்.

10. பொருளடக்கமா, சுட்டியா?

பொருளடக்கம் புத்தகம் போகும் வரிசையில் போகும். சுட்டி வாசகர் தேடும் சொல்லின் வரிசையில் போகும். மன்றத்தின் மினிட் புத்தகத்துக்குப் பொருளடக்கம் எழுதினால் "கூட்டம், கூட்டம், கூட்டம்" என்று பக்க எண்கள்தான் வரும். அதற்குச் சுட்டிதான் வேண்டும்: ஆள் பெயர், இடம், விஷயம், பக்க எண்.

எல்லாவற்றுக்கும் சுட்டி போட உட்காராதீர்கள், ஆயுள் போதாது. இரண்டாம் படியில் "பேர் வருதா?" என்று கேட்கப்பட்டவற்றுக்கு மட்டும் போடுங்கள். மினிட் புத்தகங்கள், ஆண்டு மலர்கள், அவ்வளவுதான்.

"ஸ்கேன் பண்ணிட்டா தேடிக்கலாமே, சுட்டி எதுக்கு?" என்று கேட்பார்கள். தேடல், எழுதிய சொல்லைத்தான் கண்டுபிடிக்கும். மினிட் புத்தகத்தில் "நமது செயலாளர் அவர்கள்" என்று மட்டும் இருந்தால் தாத்தாவின் பெயர் தேடலில் வராது. அந்த ஆண்டுச் செயலாளர் யார் என்று தெரிந்த ஒருவர் சுட்டியில் எழுதி வைத்தால்தான் வரும். கையெழுத்துப் பக்கங்களில் தேடல் நம்பும்படி இருக்காது என்பதும் உண்டு.

11. சொல் தாளும் வெள்ளோட்டமும்

இதுவரை நோட்டில் சிதறிக் கிடக்கும் முடிவுகளை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வகை என்றால் இங்கே வடிவம், மொத்தம் இத்தனை. குறிச்சொல் என்றால் எதைப் பற்றியது, பட்டியலில் உள்ளவை மட்டும். இடப் புலத்துக்கு நிர்வாக எல்லை. இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி, ஒரு சரியான உதாரணம், ஒரு தவறான உதாரணம். தவறான உதாரணத்தை விட்டுவிடாதீர்கள். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துத்தான் தன் கையை நிறுத்துவார்.

அப்புறம், சொல்லி வைத்த அந்த வாசகரைக் கூப்பிடுங்கள். இரண்டாம் படியின் கேள்விகளைக் கொடுத்து, மாதிரி உருப்படிகளிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். "அதில்ல ஐயா, இந்தக் கட்டத்துல பாருங்க" என்று நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அவர் முதலில் எந்தக் கட்டத்துக்குப் போனார், எந்தச் சொல்லை அடித்தார் என்று மட்டும் எழுதுங்கள்.

அவர் அடித்த சொல் பட்டியலில் இல்லையென்றால் ஒரு "காண்க" சேருங்கள், சரியாகிவிடும். அவர் தப்பான வகைக்குப் போனார் என்றால் ஆறாம் படியின் அளவுகோலைப் பாருங்கள். கேள்விக்கு எந்தக் கட்டமுமே இல்லையென்றால் ஒரு புலம் விட்டுப்போயிருக்கிறது. புது வகை ஒன்றைச் சேர்த்து ஒப்பேற்றாதீர்கள், எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது அதுதான். மாதிரி உருப்படிகளில் திருத்துவது ஒரு மாலை வேலை. பீரோ முழுவதையும் ஏற்றிய பிறகு திருத்த ஒரு மழைக்காலம் போகும்.

மாதிரியில் கேள்விகள் ஓடிவிட்டால் மீதியை ஏற்றத் தொடங்கலாம். இரண்டு பேராக உட்காருங்கள், ஒருவர் உருப்படியைப் பார்த்துச் சொல்ல மற்றவர் அடிக்கட்டும். சொல் தாளை அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் ஃபைலின் பிரதி ஒன்று படிப்பகத்துக்கு வெளியே ஒருவர் வீட்டுக்குப் போகட்டும். இது புயலும் வெள்ளமும் வந்து போகிற ஊர்.